டைரக்டரி சர்வர் படுத்துவிட்டால்: அறிகுறியைப் பார்த்து எழுப்பும் வழி

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆம்பூர் யூனிட்டிலிருந்து போன். "இன்னாண்ணா, ஒருத்தருக்கும் லாகின் ஆவலை. எனக்கு மட்டும் ஆவுது." சத்துவாச்சாரியில் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் கடைசியாகச் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் கம்பெனிக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். தலைமை அலுவலகம் அங்கே. யூனிட்டுகள் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும். யார் யார் வேலை செய்கிறார்கள், அவர்கள் பாஸ்வேர்டு என்ன, எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்பதெல்லாம் ஒரே டைரக்டரி சர்வரில் இருந்தன. டெபியன் என்ற லினக்ஸ் மேல் ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி சாஃப்ட்வேர். ஞாயிறு ராத்திரி கரண்ட் மூன்று முறை போய் வந்திருக்கிறது. வெயிலில் உப்பிக் கிடந்த யூபிஎஸ் பேட்டரி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது முறை சர்வர் எழுந்தபோது டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டது.

சாஃப்ட்வேரை மறுபடி போட பத்து நிமிடம் போதும். அதே ஆட்களை, அதே யூசர் நம்பரோடு, அதே பாஸ்வேர்டோடு கொண்டுவந்து உட்கார வைக்கத்தான் மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் பார்த்ததையும் வேறு இடங்களில் பார்த்ததையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். கட்டளைகளை நாம் போனில் சொல்லிக்கொள்வது போலவே எழுதியிருக்கிறேன்.

சிலருக்கு லாகின் ஆகிறது, சிலருக்கு ஆகவில்லை

இப்படி யாராவது சொன்னால் முதலில் டைரக்டரி சர்வரைத்தான் சந்தேகப்பட வேண்டும். லினக்ஸ் மெஷின்களில் எஸ்எஸ்எஸ்டி (லாகினுக்கு டைரக்டரியைக் கேட்டுச் சொல்லும் சர்வீஸ்) ஓடினால், பாஸ்வேர்டை நினைவில் வைக்கும் அமைப்பு போட்டிருந்தால், அந்த மெஷினில் முன்பு ஒரு தடவை லாகின் ஆனவர் சர்வர் செத்த பிறகும் உள்ளே போவார். புதிதாக அந்த மெஷினில் உட்காருபவர் போக முடியாது. ஆம்பூர்ப் பையன் தினமும் அதே சீட்டில் உட்காருபவன். மற்றவர்கள் ஷிஃப்டுக்கு ஒரு மெஷின் என்று மாறுபவர்கள்.

சர்வர்தானா, வழிதானா என்று பிரித்துப் பாருங்கள். சர்வரின் ஐபிக்கு பிங் போகிறதா? போர்ட் 389, பாதுகாப்பு இணைப்பு என்றால் 636, திறந்திருக்கிறதா? பிங் போய் போர்ட் மூடியிருந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராமான ஸ்லாப்டி இல்லை. பிங்கே போகவில்லை என்றால் ஸ்விட்ச், கேபிள், கிளைக்குப் போகும் லைன் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சர்வர் ரூமுக்குப் போக வேண்டும்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒன்று உண்டு. லாகின் பிரச்சினை என்றதும் எஸ்எஸ்எஸ்டி நினைவில் வைத்திருக்கும் கேஷ் ஃபைல்களை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது பலருக்குக் கைப்பழக்கம். சர்வர் செத்துக் கிடக்கும்போது அதைச் செய்தால் உள்ளே போய்க்கொண்டிருந்தவரும் வெளியே நிற்பார். அதோடு, அந்த கேஷில் யாருக்கு என்ன நம்பர் என்ற விவரம் இருக்கிறது. பேக்அப் ஒன்றுமே கிடைக்காவிட்டால் அதுவும் நமக்குச் சொத்து.

மெயின் சர்வர் போய்விட்டது, கிளை சர்வர் ஓடுகிறது

பேரணாம்பட்டிலிருந்து அன்றைக்கு ஒரு போனும் வரவில்லை. அங்கே ஒரு நகல் சர்வர் இருக்கிறது. அவர்கள் மெஷின்கள் அதையே கேட்கும். அதைப் பார்த்ததும் மனசு லேசானது. ஆனால் நகல் எவ்வளவு புதியது என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

டைரக்டரியின் அடிப்படை என்ட்ரியில், அதாவது மரத்தின் வேரில் உள்ள பதிவில், கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் என்று ஒரு மதிப்பு இருக்கும். சாதாரணமாகத் தேடினால் வராது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதன் முன்பகுதி ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி என்று ஒட்டி எழுதிய எண். கடைசியாக எப்போது மாற்றம் வந்தது என்பதை அது சொல்லும். அது கிரீன்விச் நேரம், நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் பேரணாம்பட்டு நகலில் அந்தத் தேதி இரண்டு மாதம் பின்னால் நின்றது. நகல் எடுக்கும் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை மெயின் சர்வரில் மாற்றியவர் கிளையில் மாற்றவில்லை. அன்றிலிருந்து அது பழைய விவரத்தையே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. லாகின் ஆகிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பழையதோ புதியதோ, உயிரோடு இருக்கும் நகலில் உடனே ஸ்லாப்கேட் ஓட்டுங்கள்; டைரக்டரியை டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுக்கும் கட்டளை அது. மைனஸ் என் 0 கொடுத்தால் சர்வரின் அமைப்பு, மைனஸ் என் 1 கொடுத்தால் ஆட்களின் விவரம். இரண்டையும் தனித்தனி ஃபைலாக எடுத்து வேறு மெஷினில் வையுங்கள். அது முடிந்ததும், மெயின் சர்வர் சரியாகும்வரை நகல் எடுக்கும் வேலையை அந்தக் கிளையில் நிறுத்திவையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மெயின் சர்வரை வெறுமையாகக் கட்டி அதே பெயரில், அதே ஐபியில் ஓடவிட்டால், கிளை அதனிடம் போய் "உன்னிடம் இல்லாததை நானும் நீக்கிவிடுகிறேன்" என்று ஒழுங்காகத் தன் வேலையைச் செய்ய வாய்ப்புண்டு. மிச்சமிருந்த ஒரே நகலும் போய்விடும்.

மெஷின் எழுகிறது, ஸ்லாப்டி எழவில்லை

உங்களுக்கு வந்தது இந்த அளவோடு நின்றால் நல்ல காலம். ஜர்னல் லாகைப் பாருங்கள். அதில் ஒன்றும் தெளிவாக இல்லையென்றால் ஸ்லாப்டியை மைனஸ் டி 1 கொடுத்து முன்னால் ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறது என்று திரையிலேயே தெரியும். அப்படி ஓட்டும்போது ரூட்டாக ஓட்டாதீர்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் ஓப்பன்எல்டாப் என்ற யூசராக ஓட வேண்டும். ரூட்டாக ஓட்டினால் புதிதாக உருவாகும் ஃபைல்கள் ரூட் பேரில் நிற்கும், அப்புறம் சர்வீஸ் அவற்றைத் தொட முடியாமல் தவிக்கும்.

அனுமதி இல்லை என்று லாக் சொன்னால் பெரும்பாலும் இதுதான். ரெஸ்டோர் முடித்த கையோடு வரும் கோளாறும் இதுவே. வார் லிப் எல்டாப் ஃபோல்டரையும் அமைப்பு இருக்கும் ஸ்லாப்ட் டாட் டி ஃபோல்டரையும் அந்த யூசர் பேருக்கு மாற்றினால் எழுந்துவிடும். உரிமை சரியாக இருந்தும் அதே பிழை வந்தால், டேட்டா ஃபோல்டரை யாராவது வேறு டிஸ்க்குக்கு மாற்றினார்களா என்று கேளுங்கள். உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவல் அந்தப் புது இடத்தை விடாது.

டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டேட்டா கொஞ்சம்தான், லாக்தான் வளர்ந்து அடைத்துக்கொள்ளும்.

எச்டிபி என்ற பேக்எண்ட் (டேட்டாவை டிஸ்க்கில் எழுதிவைக்கும் முறை) தெரியாது என்று சொன்னால் கதை வேறு. ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பிலிருந்து பிடிபி, எச்டிபி இரண்டையும் நீக்கிவிட்டார்கள். அவற்றின் இடத்தில் எம்டிபி. டெபியன் 11 வரை 2.4, டெபியன் 12 வந்தால் 2.5. பழைய மெஷினின் டேட்டா ஃபோல்டரை அப்படியே புதிய டெபியனில் கொண்டுவந்து வைத்தால் இந்தச் சுவரில்தான் முட்டுவீர்கள்.

டிஸ்க்கே படிக்கவில்லை

எங்களுக்கு நடந்தது இது. டிஸ்க் சத்தம் போடுகிறது என்றால் அதை மறுபடி மறுபடி பூட் செய்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் இருக்கிற கொஞ்சமும் தேயும். கழற்றி வேறு மெஷினில் மாட்டி, டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்க்கையும் நல்ல டிஸ்க்குக்குப் பிம்பமாக எடுங்கள். டெபியனில் அந்தப் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்கள். நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் மைனஸ் என் கொடுத்தால் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களை அடுத்த சுற்றுக்கு விட்டுவிடும். எங்கள் சர்வர் ரூமில் ஏசி போட்டும் டிஸ்க் சூடானது. ஒரு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பிவைத்து, கதவைத் திறந்து வைத்தேன். திங்கள் மதியம் தொடங்கி செவ்வாய் விடிகாலைக்கு முடிந்தது. படிக்க முடியாத இடங்கள் சில இருந்தன. அவை டைரக்டரி இருந்த பகுதியில் இல்லை.

பிம்பத்தை மாற்ற முடியாதபடி, ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்து, டேட்டா ஃபோல்டரையும் ஸ்லாப்ட் டாட் டி ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். எங்களுடையது பல வருடமாக அப்கிரேட் ஆகிவந்த மெஷின், உள்ளே எச்டிபிதான். ஆகவே ஒரு விர்ச்சுவல் மெஷினில் டெபியன் 11 போட்டு, இரண்டு ஃபோல்டரையும் அதே இடத்தில் வைத்தேன். எச்டிபி என்றால் லாக் டாட் என்று தொடங்கும் ஃபைல்களும் டிபி கான்ஃபிக் ஃபைலும் கூடவே வர வேண்டும். கரண்ட் போய் நின்ற டேட்டா அரைகுறையாக இருக்கும், டிபி 5.3 ரெக்கவர் ஓட்டினால் அந்த லாகுகளை வைத்துச் சரிசெய்யும். இதைக் காப்பியின் மேல்தான் செய்ய வேண்டும், பிம்பத்தைத் தொடக் கூடாது. எம்டிபி என்றால் இந்தப் பாடு இல்லை. அது கரண்ட் போனாலும் குலையாதபடி எழுதும் வகை. டேட்டா டாட் எம்டிபி ஒன்று முழுசாகக் கிடைத்தால் போதும். ஆனால் 32 பிட் மெஷினின் ஃபைலை 64 பிட்டில் திறக்க முடியாது.

அப்புறம் ஸ்லாப்கேட். நடுவில் ஏதாவது என்ட்ரியில் அடிபட்டு நின்றால் மைனஸ் சி கொடுத்தால் அதைத் தாண்டிப் போகும். வெளிவந்த ஃபைலில் எத்தனை டிஎன் வரிகள் (ஒவ்வொரு என்ட்ரியின் முழு முகவரி) இருக்கின்றன என்று எண்ணி, சம்பளப் பட்டியலில் உள்ள ஆட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஹெச்ஆர் அக்காவிடம் பட்டியல் வாங்கி ஒவ்வொரு பேராக டிக் அடித்தேன். நான்கு பேர் குறைந்தார்கள். அதில் மூவரைப் பேரணாம்பட்டு நகலில் எடுத்தேன். ஒருவர் போன மாதம்தான் சேர்ந்தவர், அவரை மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

கட்டும் வரிசை

புது மெஷினுக்குப் பழைய பெயரும் பழைய ஐபியும் கொடுங்கள். நேரத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்லாப்டி போட்டதும் நிறுத்துங்கள். இன்ஸ்டால் செய்யும்போதே அது ஓர் அடிப்படை என்ட்ரியை உருவாக்கியிருக்கும், அதனால் டேட்டா ஃபோல்டரைக் காலிசெய்த பிறகுதான், ஸ்லாப்கேட் ஃபைலை உள்ளே ஏற்றும் ஸ்லாப்ஆட் கட்டளையை ஓட்ட வேண்டும். பழைய எச்டிபி அமைப்பை அப்படியே 2.5க்குள் திணிப்பதைவிட, புதிய அமைப்பை வைத்துக்கொண்டு பழையதிலிருந்து ஸ்கீமா (என்ட்ரியில் என்னென்ன வரலாம் என்ற விதி), அனுமதி விதிகள், இன்டெக்ஸ் வரிகளை மட்டும் கொண்டுவருவது எனக்குப் பிடித்த வழி. அனுமதி விதிகளை மறக்க வேண்டாம். மறந்தால் யார் வேண்டுமானாலும் எல்லோருடைய போன் நம்பரையும் படிக்கலாம். பாஸ்வேர்டு விதிகளுக்கான பிபாலிசி ஸ்கீமாவைக் கொண்டுவராதீர்கள். 2.5இல் அது மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது, இரண்டாவது முறை வந்தால் சண்டை போடும்.

ஸ்லாப்ஆட் முதலில் மைனஸ் யூ கொடுத்து ஒத்திகை. பிழை இல்லையென்றால் நிஜமாக ஓட்டி, உரிமையை மாற்றி, சர்வீஸைத் தொடங்குங்கள். எல்டாப்ஆட் கட்டளையால் ஒவ்வொருவராகச் சேர்க்கும் ஆசை வேண்டாம். ஸ்லாப்கேட் எடுத்து ஸ்லாப்ஆட் போட்டால் ஒவ்வொரு என்ட்ரியின் உள் அடையாள எண்ணும் உருவான நேரமும் அப்படியே வரும். மெம்பர்ஆஃப் (யார் எந்தக் குழுவில் என்ற விவரம்) போன்ற தானாகத் தோன்றும் விவரங்களும் வரும். சாதாரணத் தேடலில் எடுத்த நகலில் இவை இருக்காது; "ஆள் இருக்கிறார், குழுவில் இல்லை" என்ற புகார் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்புவது.

சர்வர் ஓடுகிறது, பாஸ்வேர்டு தப்பு என்கிறது

பிழை எண் 49. பாஸ்வேர்டு தப்பு என்றாலும் 49தான், அப்படி ஓர் ஆளே இல்லை என்றாலும் 49தான். யார் இருக்கிறார், யார் இல்லை என்று வெளியாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி. ஆகவே முதலில் டிஎன் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்மின் பாஸ்வேர்டையே ஏற்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம். டெபியனில் அதே மெஷினில் ரூட்டாக இருந்தால் எல்டாப்ஐ (அதே மெஷினுக்குள்ளான இணைப்பு) வழியாக, எக்ஸ்டர்னல் முறையில் பாஸ்வேர்டு இல்லாமல் அமைப்புக்குள் போகலாம். ஸ்லாப்பாஸ்வேட் கொண்டு புதிய ஹாஷ் உருவாக்கி ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

எல்லா யூசருக்கும் 49 வந்தால் அது வேறு நோய். பாஸ்வேர்டு வரியில் இரட்டை முக்காற்புள்ளி இருக்கும். பேஸ்64இல் எழுதியது என்று அர்த்தம். அதைப் பிரித்துப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச்ஏ என்று தொடங்கினால் சிக்கல் இல்லை. எஸ்எஸ்ஹெச்ஏ512 என்று தொடங்கினால் அதைப் புரிந்துகொள்ளத் தனி மாட்யூல் வேண்டும். புது சர்வரில் அதை ஏற்றாமல் விட்டால் சரியான பாஸ்வேர்டையும் தப்பு என்றே சொல்லும். இதைக் கண்டுபிடிக்காமல் ஓரிடத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றவைத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆட்கள் வரிசையில் நின்று புது பாஸ்வேர்டு போட்டதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போர்ட் திறந்திருக்கிறது, ஆனாலும் சர்வரைத் தொட முடியவில்லை என்கிறது

இது பெரும்பாலும் பாதுகாப்பு இணைப்புக்கான சான்றிதழ் கோளாறு. பிழைச் செய்தி நெட்வொர்க் கோளாறு மாதிரி பேசும், நம்பிவிடாதீர்கள். டைரக்டரியில் தேடும் எல்டாப்செர்ச் கட்டளையை மைனஸ் டி 1 கொடுத்து ஓட்டினால் உண்மை தெரியும். சான்றிதழில் உள்ள பெயரும் கிளையண்ட் அழைக்கும் பெயரும் ஒன்றா? சாவி ஃபைலை ஓப்பன்எல்டாப் யூசர் படிக்க முடிகிறதா? அப்புறம் கடிகாரம். மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

ஃபைல்கள் வேறொருவர் பேரில் தெரிகின்றன

எல்லா அறிகுறியிலும் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் பார்க்க எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருக்கும். லாகின் ஆகும், பெயர் வரும், மெயில் வரும்.

லினக்ஸ் ஒரு ஃபைலின் சொந்தக்காரர் பெயரை எழுதிவைப்பதில்லை. யூஐடி நம்பரை மட்டும் எழுதிவைக்கிறது. 10004 என்று ஃபைலில் இருக்கும். 10004 யார் என்று ஒவ்வொரு முறையும் டைரக்டரியைக் கேட்டுத்தான் பெயரைக் காட்டும். வேலூரில் ஒரு அலுவலகத்தில் சர்வர் போனதும், கையில் இருந்த எக்செல் ஷீட்டை வைத்து ஆட்களை அகர வரிசையில் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். 10001, 10002 என்று நம்பர் தானாக ஓடியது. மறுநாள் கணக்குப் பிரிவுப் பெண்ணின் ஹோம் ஃபோல்டர் ஸ்டோர் கீப்பர் பேரில் திறந்தது. சம்பள விவரம் முழுவதும் அதில்.

இதற்கு உடனே ஃபைலின் சொந்தக்காரரை மாற்றும் சௌன் கட்டளையை எடுக்காதீர்கள். ஒரு சின்ன உதாரணம். 10004ஐ 10007 ஆக்க வேண்டும், 10007ஐ 10010 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாற்றத்தை முடித்ததும் இரண்டு பேர் ஃபைல்களும் 10007இல் கலந்துவிடும். அடுத்த மாற்றம் இருவரையும் சேர்த்து 10010க்குக் கொண்டுபோகும். அதற்குப் பிறகு எது யாருடையது என்று சொல்ல யாராலும் முடியாது. ஃபைல்களைத் தொடாமல், டைரக்டரியில் பழைய நம்பரைத் திரும்ப வைப்பதுதான் சரியான வழி. ஃபைல்களைத்தான் மாற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் எல்லோரையும் யாரும் இல்லாத வரிசைக்கு, 60004, 60007 என்று தள்ளிவைத்துவிட்டு, அங்கிருந்து சரியான நம்பருக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய நம்பர் எங்கே கிடைக்கும்? பேக்அப் இல்லாவிட்டாலும் கிடைக்கும். ஃபைல் சர்வரில் ஹோம் ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் மைனஸ் எல்என் கொடுங்கள். ஃபோல்டர் பெயர் யூசர் பெயர். பக்கத்தில் நிற்பது அவருடைய பழைய நம்பர். பக்கத்துப் பக்கமாகப் பட்டியலே வந்துவிடும். கிளையண்ட் மெஷின்களில் கேஷ் அழியாமல் இருந்தால் ஐடி என்று அடித்து யூசர் பெயரைக் கொடுத்தும் சரிபார்க்கலாம். குழு நம்பர்களையும் அதே மாதிரி எடுங்கள். அவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

டைரக்டரி நம்பர்களை 10000க்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. டெபியனில் மெஷினில் உருவாகும் உள்ளூர் யூசர் 1000இல் தொடங்குவார். டைரக்டரியும் 1000இல் தொடங்கினால் புது சர்வரில் நீங்கள் முதலில் உருவாக்கிய அட்மினும் பத்து வருடம் வேலை செய்யும் ஒரு பெரியவரும் ஒரே நம்பரில் நிற்பார்கள்.

ஆள் இருக்கிறார், சாஃப்ட்வேருக்கு மட்டும் தெரியவில்லை

பிழை எண் 32, அப்படி ஒன்று இல்லை என்கிறது. தேடத் தொடங்கும் இடம் தப்பு. பிம்பம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், டிராயரில் கிடைத்த பென் டிரைவ் நகலை ஒரு சோதனை மெஷினில் போட்டுப் பார்த்தேன். வருகைப் பதிவு சாஃப்ட்வேர் ஆம்பூர் ஆட்கள் ஒருவரையும் காணோம் என்றது. காரணம் நம் மாவட்டம். 2019இல் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு புது மாவட்டங்கள் வந்தன. ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. எங்கள் டைரக்டரி மரத்தில் கிளைகளுக்கு மாவட்டப் பெயர் வைத்திருந்ததால் ஆட்களையும் அப்போது இடம் மாற்றினோம். பென் டிரைவில் இருந்தது அதற்கு முந்தையது. ஆம்பூர் ஆட்கள் அதில் இன்னும் வேலூர்க் கிளையில் இருந்தார்கள்.

இப்போது கட்டும்போது மாவட்டக் கிளைகளை எடுத்துவிட்டேன். எல்லோரும் ஒரே கிளையில். ஊர் என்பது ஒவ்வொருவர் என்ட்ரியிலும் ஒரு வரி. ஊர் மாறினால் அந்த வரியை மாற்றினால் போதும், அவருடைய டிஎன் அசையாது. நீங்களும் திரும்பக் கட்டும் நேரத்தில் இதைச் செய்வதானால், முதலில் பழையபடியே எழுப்பி ஒரு வாரம் ஓடவிட்டு அப்புறம் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று பிடிபடாது.

சில்லறைக் கோளாறுகள்

படிக்க முடிகிறது, புதிதாகச் சேர்க்க முடியவில்லை, லாகில் எம்டிபி மேப் ஃபுல் என்று வருகிறது: டேட்டாபேஸின் உச்ச அளவு எட்டிவிட்டது. கையால் எழுதிய அமைப்பில் அளவு சொல்லாமல் விட்டால் 10 எம்பிதான் கிடைக்கும். டெபியன் தானாகப் போடும் அமைப்பில் 1 ஜிபி இருக்கும். கூட்டிவிடுங்கள்.

தேடினால் 500 பேரோடு நிற்கிறது: கோளாறு இல்லை, அது இயல்பான வரம்பு. தேவையான அக்கவுண்ட்டுக்கு மட்டும் உயர்த்துங்கள்.

ஓடும்போது இன்டெக்ஸ் சேர்த்தால் ஸ்லாப்டி தானே கட்டிக்கொள்ளும். நிறுத்திவிட்டு ஸ்லாப்இன்டெக்ஸ் ஓட்டினால் மறுபடி அந்த உரிமைப் பிரச்சினை. ஓப்பன்எல்டாப் யூசராகவே ஓட்டுங்கள்.

முடிந்தது என்று சொல்வதற்கு முன்

வேலை நேரம் முடிந்த பிறகு சர்வரை ஒரு முறை முழுதாக ரீபூட் செய்து, எதையும் தொடாமல் தானாக எழுகிறதா என்று பாருங்கள். இதுவரை ஒருமுறைகூட லாகின் ஆகாத ஒரு மெஷினில் லாகின் ஆகிப் பாருங்கள்; கேஷின் தயவு இல்லாமல் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கிளைச் சர்வரில் பழைய டேட்டாவைக் காலிசெய்து மெயினிலிருந்து புதிதாக நகல் எடுக்கவிட்டு, இரண்டு பக்கமும் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் ஒன்றா என்று பாருங்கள். எங்களிடம் இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்லாப்கேட் ஓடி, ஃபைல் பேரணாம்பட்டுக்குப் போகிறது. மாதம் ஒரு சனிக்கிழமை அதை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, இரண்டு பேரை லாகின் ஆகச் சொல்கிறேன்.

பழைய டிஸ்க்கையும் அதன் பிம்பத்தையும் ஆறு மாதமாவது அழிக்காதீர்கள். எங்கள் டிஸ்க்கின் மேல் தேதி எழுதி பீரோவில் வைத்திருந்தேன். ஆகஸ்டில், பிரசவ விடுப்பு முடிந்து கட்டிங் பிரிவில் ஒரு பெண் திரும்ப வந்தார். மே மாதச் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் நான் டிக் அடித்த பட்டியலிலும் அவர் இல்லை. ஸ்லாப்கேட் தாண்டிப் போன என்ட்ரிகளில் அவருடையதும் ஒன்று. பிம்பத்தில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து, அவருடைய பழைய நம்பரைப் பார்த்து, அதே நம்பரில் அவரைச் சேர்த்தேன். அவர் வரைந்துவைத்திருந்த பேட்டர்ன் ஃபைல்கள் அவர் பேரிலேயே திறந்தன.